டீம் வொர்க்குக்கு நல்ல மனசு மட்டும் போதாது, டைம் டேபிளும் வேணும்

ஆஸ்பத்திரில எந்த ஃபங்ஷன்னாலும் யாராவது ஒருத்தர் மைக்க புடிச்சு "நாமெல்லாம் ஒரே குடும்பம்"னு சொல்லிடுவாங்க. எனக்கு அத கேட்டாலே கொஞ்சம் பயமா இருக்கும். குடும்பம்னா யாரு பேசணும், யாரு வாயத் திறக்கக் கூடாது, எந்த விஷயத்த யாரு முன்னாடி எடுக்கவே கூடாதுன்னு ஆயிரம் இருக்கும், அதே வழக்கத்த ஐசியுக்குள்ள கொண்டு வந்தா பேஷண்ட் கதி என்ன ஆகுறது.

நான் கிளினிக்கல் பார்மசிஸ்ட். கவுண்டர்ல மருந்து எடுத்துக் குடுக்குற வேலை இல்ல, வார்டுல ட்ரக் சார்ட்ட பாத்து டோஸ் சரியா இருக்கா, ஒரு மருந்து இன்னொண்ணோட மோதுதா, கிட்னி வேலை செய்யுறதுக்கு ஏத்த மாதிரி கொறைக்கணுமான்னு பாக்குற வேலை. ரவுண்ட்ஸ் போறப்ப கூட்டத்துல கடைசியா நிக்கிற ஆளு. கடைசியா நிக்கிறதுல ஒரு லாபம் இருக்கு, யாரு யாருகிட்ட பேசுறாங்க, யாரு பேச வந்துட்டு பேசாம போறாங்கன்னு எல்லாம் நல்லா தெரியும். அப்படி பாத்துப் பாத்து எனக்கு ஒரு விஷயம் உறுதியாயிடுச்சு, வெவ்வேற தொழில்காரங்க சேந்து வேலை செய்யுறதுங்குறது குணம் சம்பந்தப்பட்ட விஷயம் இல்ல. யாரு எந்த நேரத்துல எந்த பெட்கிட்ட நிக்கிறாங்கங்குறது சம்பந்தப்பட்ட விஷயம்.

சும்மா சொன்னா புரியாது. ஒரு கேஸ் சொல்றேன். இது ஒரே பேஷண்ட்டோட கதை இல்ல, பல எடத்துல பாத்தது கேட்டது எல்லாத்தையும் ஒண்ணா கோத்துச் சொல்றேன், ஆனா ஐசியுல வேலை பாத்த எவருக்கும் இது புதுசா இருக்காது.

தலைல ரத்தக்கசிவு, அதோட வலிப்பு. வலிப்புக்கு ஃபெனிடாயின் ஆரம்பிச்சாச்சு. முழுங்க முடியல, அதனால மூக்கு வழியா ட்யூப். டயட்டீஷியன் வந்து எடை, கலோரி, புரோட்டீன் எல்லாம் கணக்கு போட்டு நாள் பூரா நிக்காம ஃபீட் போற மாதிரி எழுதிட்டுப் போயிட்டாங்க, கணக்கு சரி. சிஸ்டர் ஃபெனிடாயின் சிரப்ப சார்ட்ல இருக்குற நேரத்துக்கு அதே ட்யூப்ல குடுத்தாங்க, அதுவும் சரி. லேப்ல ரத்தத்துல மருந்து எவ்ளோ இருக்குன்னு பாத்து கம்மின்னு ரிப்போர்ட் அனுப்பினாங்க, ரிப்போர்ட்டும் சரி. டாக்டர் கம்மியா இருக்கேன்னு டோஸ ஏத்தினார், அடுத்த ரிப்போர்ட்டும் கம்மி, இன்னும் கொஞ்சம் ஏத்தினார், கையில இருக்குற ரிப்போர்ட்ட வச்சுப் பாத்தா அவர் செஞ்சதுலயும் குத்தம் சொல்ல முடியாது.

விஷயம் என்னன்னா ஃபெனிடாயின் ட்யூப் ஃபீட்டோட சேந்து போனா ஒடம்புல ஒழுங்கா ஏறாது. குடுக்குறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஃபீட்ட நிறுத்தி, ட்யூப தண்ணி விட்டு கழுவிக் குடுக்கணும்னு சொல்லுவோம். அப்புறம் இன்னொண்ணு, பேஷண்ட்டுக்கு ஆல்புமின், அதாவது ரத்தத்துல இந்த மருந்த ஒட்டி வச்சுக்குற புரோட்டீன், கொறஞ்சிருந்தா ரிப்போர்ட்ல வர்ற மொத்த அளவு கம்மியா காட்டும், ஆனா உண்மையில வேலை செய்யுற பங்கு போதுமானதா இருக்கலாம். இது ரெண்டும் புத்தகத்துல இருக்கு, யாருக்கும் தெரியாத ரகசியம் இல்ல. ஆனா ஃபீட் நிக்காம போகுதுங்குறது டயட்டீஷியனுக்கும் சிஸ்டருக்கும் தெரியும், அளவு கம்மிங்குறது டாக்டருக்கும் லேபுக்கும் தெரியும், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க ஆள் இல்ல.

கதை இதோட முடியல. பேஷண்ட் தேறி வந்தார், ஸ்பீச் தெரபிஸ்ட் முழுங்குறத டெஸ்ட் பண்ணி "வாய் வழியா குடுக்கலாம்"னு எழுதினாங்க, எல்லாருக்கும் சந்தோஷம், ட்யூப் ஃபீட் நின்னுடுச்சு. இப்ப ஏத்தி வச்ச டோஸ் முழுசா ஒடம்புல ஏற ஆரம்பிக்குது. ஃபெனிடாயின்ல இன்னொரு வில்லங்கம், ஒரு அளவுக்கு மேல போனா ஈரல் அத ஒடைக்குற வேகம் முட்டி நின்னுடும், அப்புறம் கொஞ்சம் டோஸ் ஏத்தினாலும் ரத்தத்துல எக்கச்சக்கமா ஏறும். அப்படி ஏறினதோட அறிகுறிய மொதல்ல பாத்தது யாரு தெரியுமா, பிசியோதெரபிஸ்ட். "முந்தாநாள் புடிச்சுக்கிட்டு நாலு அடி வச்சார், இன்னைக்கு உக்கார வச்சா ஒரு பக்கமா சாயுறார், கண்ணு வேற ஒரு மாதிரி ஆடுது"ன்னு அவங்க நோட்ஸ்ல தெளிவா எழுதி வச்சிருந்தாங்க. பிசியோ நோட்ஸ் தனி ஃபைல். அந்த ஃபைல திறக்குறது பிசியோ மட்டும்தான். சாயங்காலம் சொந்தக்காரங்க பதறிப்போய் சொன்னதுக்கு அப்புறம் டியூட்டி டாக்டர் வந்து பாத்து, மறுபடியும் ரத்தக்கசிவோன்னு சந்தேகப்பட்டு அவசரமா ஸ்கேனுக்கு அனுப்பி, அது நார்மல்னு வந்து, அதுக்கு அப்புறம்தான் ட்ரக் லெவல் பாக்கச் சொன்னாங்க.

இதுல டாக்டர், நர்ஸ், டயட்டீஷியன், லேப், ஸ்பீச் தெரபிஸ்ட், பிசியோ, ஆறு தொழில். ஆறு பேரும் அவங்கவங்க வேலைய ஒழுங்காதான் செஞ்சாங்க. விசாரணைன்னு வச்சா யாரு பேரையும் எழுத முடியாது. ஒருத்தர் மேல ஒருத்தருக்கு கோபமோ பொறாமையோ கெடையாது, சொல்லப்போனா எல்லாரும் சேந்து டீ குடிக்குறவங்க. ஆறு பேரும் ஒரே நேரத்துல அந்த பெட்கிட்ட பத்து நிமிஷம் நின்னிருந்தா இது நடந்திருக்காது. அவ்ளோதான். இதுக்கு "மனசு விட்டுப் பழகுங்க"ன்னு ஒரு நாள் ட்ரெய்னிங் வச்சு, பலூன் ஊதச் சொல்லி, சர்டிஃபிகேட் குடுத்து என்ன பிரயோஜனம்?

சேந்து செஞ்சா என்ன ஆகும்ங்குறதுக்கு எனக்கு ரொம்ப புடிச்ச ஆராய்ச்சி ஒண்ணு 2008ல லான்செட்ங்குற மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. வென்டிலேட்டர்ல இருக்குற பேஷண்ட்டுக்கு மயக்க மருந்து ஓடிட்டு இருக்கும். தினமும் காலைல அத நிறுத்தி முழிக்க வச்சு பாக்குறது ஒரு வேலை, நர்ஸ் பாக்குறது. வென்டிலேட்டர் உதவிய கொறச்சு பேஷண்ட் தானா மூச்சு விடுறாரான்னு பாக்குறது இன்னொரு வேலை, ஆராய்ச்சி நடந்த அமெரிக்காவுல அத ரெஸ்பிரேட்டரி தெரபிஸ்ட் பாப்பாங்க. ரெண்டுமே தனித்தனியா நல்லதுன்னு முன்னாடியே தெரியும். ஆனா பாருங்க, மயக்கத்துல இருக்குற ஆள மூச்சு விடச் சொல்லி டெஸ்ட் பண்ணினா எப்படி பாஸ் ஆவார்? அதனால ரெண்டையும் ஜோடி சேத்தாங்க, முதல்ல முழிக்க வைக்கிறது, முழிச்ச உடனே மூச்சு டெஸ்ட். ஒரு வருஷம் கழிச்சு கணக்கெடுத்தா வழக்கமான கவனிப்புல இருந்தவங்கள்ல 58 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க, ஜோடி சேத்த குரூப்ல 44 சதவீதம். ஏழு பேருக்கு இப்படி செஞ்சா ஒரு உயிர் மிச்சம்னு எழுதினாங்க. புது மருந்து கெடையாது, புது மெஷின் கெடையாது. ரெண்டு தொழில்காரங்களோட நேரத்த ஒண்ணா சேத்ததுதான் வித்தியாசம்.

ஸ்ட்ரோக் யூனிட்டும் இதே ரகம்தான். பக்கவாதம் வந்தவங்கள பொது வார்டுல போடுறதுக்கு பதிலா தனி யூனிட்ல வச்சு டாக்டர், நர்ஸ், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஸ்பீச் தெரபிஸ்ட், சோஷியல் வொர்க்கர்னு எல்லாரும் வாரா வாரம் உக்காந்து பேசி கவனிச்சா சாவும் கொறையுது, அடுத்தவங்கள நம்பி வாழுற நெலமையும் கொறையுதுன்னு பல நாட்டு ஆய்வுகள சேத்துப் பாத்து சொல்லியிருக்காங்க. ரத்தக்கட்டிய கரைக்குற மருந்துக்கு ஒரு நேர வரம்பு இருக்கு, வர்றவங்கள்ல கொஞ்ச பேருக்குத்தான் அது கெடைக்கும், யூனிட்ட வச்சா வர்ற எல்லாருக்கும் பலன். ஆனா இதுக்கு விளம்பரம் குடுக்க எந்த கம்பெனியும் இல்ல.

சரி, ஒரே எடத்துல நிக்க வச்சாச்சு. பேசுவாங்களா? அங்கதான் அடுத்த சிக்கல்.

1967ல லெனார்ட் ஸ்டெயின்னு ஒரு அமெரிக்க சைக்கியாட்ரிஸ்ட் டாக்டரும் நர்ஸும் ஆடுற ஒரு ஆட்டத்தப் பத்தி எழுதினார். நர்ஸுக்கு என்ன செய்யணும்னு தெரியும், ஆனா யோசனை சொல்ற மாதிரி தெரியக் கூடாது. டாக்டருக்கு யோசனை வேணும், ஆனா கேக்குற மாதிரி தெரியக் கூடாது. ரெண்டு பேரும் இத சரியா ஆடினா வேலை முடிஞ்சிடும், யாருக்கும் மரியாதை கொறையாது. அறுபது வருஷம் ஆகப் போகுது, இன்னும் ஆட்டம் முடிஞ்ச பாடில்ல. எங்க வேலைல அது எப்படி இருக்கும்னா:

"சார், அஞ்சாம் பெட் கிரியேட்டினின் ஏறியிருக்கு சார்."

"ம்ம்."

"வான்கோமைசின் ஓடிட்டு இருக்கு சார்."

"ஆமா… அப்ப டோஸ் பாக்கணும்ல."

"நீங்க சொன்னா கணக்கு போட்டு வச்சிடறேன் சார்."

கிரியேட்டினின் ஏறினா கிட்னி சரியா வேலை செய்யலன்னு அர்த்தம், வான்கோமைசின் கிட்னி வழியா வெளிய போற ஆன்டிபயாடிக், அதனால டோஸ மாத்தணும். அந்தக் கணக்கு ஏற்கனவே போட்டு பாக்கெட்ல இருக்கும். இது மரியாதையா நாடகமான்னு கேட்டா ரெண்டும்தான். சாதாரண நாள்ல இதுனால ஒண்ணும் குடி முழுகிடாது, கொஞ்சம் நேரம் வேஸ்ட் ஆகும், அவ்ளோதான். ஆனா உயிர் ஊசலாடுற நேரத்துலயும் வாய் இதே ட்யூன்லதான் பேசும், ஏன்னா பழகினது அதான்.

மார்ட்டின் புரோமிலின்னு இங்கிலாந்துல ஒரு பைலட். 2005ல அவர் மனைவிய சாதாரண சைனஸ் ஆபரேஷனுக்கு கூட்டிட்டுப் போனாங்க. மயக்கம் குடுத்ததும் மூச்சுக்குழல்ல ட்யூப் போட முடியல, ஆக்சிஜன் எறங்குது. உள்ள இருந்தது கத்துக்குட்டிங்க இல்ல, நல்ல அனுபவம் உள்ள ஸ்பெஷலிஸ்ட்டுங்க. ஆனா ட்யூப எப்படியாவது போட்டுடணும்னு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டே இருந்தாங்க, நேரம் போறது தெரியல. ஒரு நர்ஸ் கழுத்து வழியா துளை போடுற டிரக்கியாஸ்டமி செட்ட எடுத்துட்டு வந்து ரெடியா இருக்குன்னு சொன்னாங்க. இன்னொருத்தர் ஐசியுல பெட் கேட்டு வச்சாங்க. உள்ள இருந்தவங்க அத பெருசா எடுத்துக்கல. பின்னாடி நடந்த விசாரணைல நர்ஸுங்க சொன்னது, என்ன செய்யணும்னு எங்களுக்குத் தெரிஞ்சுது, ஆனா அத எப்படி எடுத்துச் சொல்றதுன்னு தெரியலன்னு. அந்தம்மா பதிமூணு நாள் கழிச்சு இறந்துட்டாங்க.

புரோமிலி யாரையும் ஜெயில்ல போடச் சொல்லல. விமானத்துல இப்படி நடந்தா விசாரிச்சு எல்லாருக்கும் பாடமா சொல்லுவாங்களே, இங்க ஏன் அது இல்லன்னு கேட்டார். விமானத் துறைக்கு அந்தப் பாடம் சும்மா வரல, 1977ல டெனெரீஃப் ஏர்போர்ட்ல ரெண்டு ஜம்போ மோதி 583 பேர் செத்தாங்க, அதுல ஒரு விமானத்துல "அந்த ப்ளேன் இன்னும் ரன்வேலதான் இருக்கோ"ன்னு ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகம் கெளப்பியும் கேப்டன் கெளம்பிட்டார். அதுக்கு அப்புறம்தான் ஜூனியர் கேள்வி கேக்குறதும் சீனியர் அத காதுல வாங்குறதும் ட்ரெய்னிங்கோட பகுதி ஆச்சு. புரோமிலி 2007ல இதுக்குன்னே ஒரு அமைப்பு ஆரம்பிச்சார்.

இந்த சம்பவத்துல நான் அடிக்கடி யோசிக்கிறது அந்த நர்ஸுங்களப் பத்திதான். அவங்க சும்மா நிக்கல, செட் எடுத்துட்டு வந்தாங்க, பெட் புக் பண்ணாங்க, அதாவது செயல்ல சொல்லிட்டாங்க. "சார், ட்யூப் போடுறத நிறுத்துங்க, கழுத்துல துளை போடணும்"ங்குற ஒரு வாக்கியம் மட்டும் வரல. தைரியம் இல்லன்னு சொல்றது ரொம்ப சுலபம். என்னக் கேட்டா அந்த வாக்கியத்த சொல்றதுக்கு அவங்க வேலைல ஒரு எடமே ஒதுக்கி வைக்கல, அதான் காரணம்.

எடம் ஒதுக்குறதுன்னா என்னன்னு கேட்டா, ஆபரேஷன் தியேட்டர் செக்லிஸ்ட்ட சொல்லலாம். உலக சுகாதார நிறுவனம் 2008ல கொண்டு வந்தது. மயக்கம் குடுக்குறதுக்கு முன்னாடி, கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி, தியேட்டர விட்டு வெளிய போறதுக்கு முன்னாடின்னு மூணு தடவ நின்னு கேக்கணும், மொத்தம் 19 விஷயம். அதுல ஒண்ணு, டீம்ல இருக்குற எல்லாரும் பேரும் பொறுப்பும் சொல்லி அறிமுகம் பண்ணிக்கணும். நெறைய பேர் இத கிண்டல் பண்ணுவாங்க, தினமும் பாக்குற ஆளுகிட்ட பேர் சொல்றதான்னு. விஷயம் பேர்ல இல்ல, ஆரம்பத்துலயே ஒரு தடவ வாயத் தொறந்து பேசினவங்க அப்புறம் ஏதாவது தப்பா தெரிஞ்சா பேசுறது சுலபம், அதுவரைக்கும் ஒரு வார்த்தையும் பேசாதவங்க நடு ஆபரேஷன்ல மொத வார்த்தையா "நிறுத்துங்க"ன்னு சொல்லணும்னா எப்படி வரும்? எட்டு நகரத்துல எட்டு ஆஸ்பத்திரில வச்சுப் பாத்தப்ப இறப்பு 1.5 சதவீதத்துல இருந்து 0.8 ஆச்சு, சிக்கல்கள் 11 சதவீதத்துல இருந்து 7 ஆச்சு.

இதக் கேட்டு துள்ளிக் குதிக்கிறதுக்கு முன்னாடி இதையும் கேளுங்க. கனடாவுல ஒன்டாரியோ மாகாணத்துல இதையே 101 ஆஸ்பத்திரில கட்டாயம் ஆக்கி, 2014ல ரிசல்ட் வெளியிட்டாங்க. சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் ஒண்ணும் இல்ல. அதே பேப்பர், அதே கேள்விகள். எனக்கு இதுல ஆச்சரியமே இல்ல. மேலிடத்து உத்தரவுன்னு வந்த ஃபாரம் எப்படி நெரம்பும்னு எல்லாருக்கும் தெரியும், ஒருத்தர் ஓரமா நின்னு கடகடன்னு டிக் அடிச்சிட்டு இருப்பார், மத்தவங்க அவங்கவங்க வேலைய பாத்துட்டு இருப்பாங்க. செக்லிஸ்ட்ங்குறது நின்னு பேசுறதுக்கு ஒரு சாக்கு. நிக்கவும் இல்ல, பேசவும் இல்லன்னா அது வெறும் ஃபாரம்.

அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி ஐசியுல பீட்டர் புரோனவோஸ்ட்டும் அவர் கூட இருந்தவங்களும் செஞ்சது இன்னும் சிம்பிள். ரவுண்ட்ஸ் முடிஞ்சு போற டாக்டர்கிட்டயும் நர்ஸ்கிட்டயும் "இந்த பேஷண்ட்டுக்கு இன்னைக்கு என்ன டார்கெட்"னு கேட்டாங்க. தெளிவா சொல்லத் தெரிஞ்சவங்க பத்து சதவீதம் கூட இல்ல. ரவுண்ட்ஸ் முடிஞ்ச உடனேங்க! அப்புறம் ஒரே பக்கத்துல ஒரு தாள் போட்டு, இவர் ஐசியுவ விட்டு வெளிய போக எது தடை, எந்த ட்யூப எடுக்கணும், வலிக்கு என்னன்னு பெட்கிட்டயே நிரப்ப ஆரம்பிச்சாங்க. தெரிஞ்சவங்க 95 சதவீதத்துக்கு மேல ஆச்சு, ஐசியுல இருக்குற நாள் சராசரி 2.2ல இருந்து 1.1க்கு வந்துச்சு. 2003ல வந்த பேப்பர் இது. நானே சும்மா ஒரு நாள் எங்க வார்டுல இதே கேள்விய கேட்டுப் பாத்தேன், பதில் என்ன வந்துச்சுன்னு இங்க எழுதினா நாளைக்கு வேலைக்குப் போக முடியாது.

எங்க ஆளுங்க காலர தூக்கி விட்டுக்குற ஸ்டடி ஒண்ணும் இருக்கு, சொல்லாம விட மனசு வரல. 1999ல வந்தது, ஐசியு ரவுண்ட்ஸ்ல ஒரு பார்மசிஸ்ட்ட கூடவே நிக்க வச்சாங்க. மருந்து எழுதுறதுல நடக்குற, தடுத்திருக்கக் கூடிய பாதிப்புகள் 66 சதவீதம் கொறஞ்சுது. அத விட எனக்குப் புடிச்சது வேற கணக்கு, அந்த பார்மசிஸ்ட் சொன்ன 366 யோசனைல 362 டாக்டருங்க ஏத்துக்கிட்டாங்க. ஏன் தெரியுமா? அவர் பக்கத்துல நின்னு எழுதுறதுக்கு முன்னாடியே சொன்னார். நாங்க பெரும்பாலும் எழுதி முடிச்சதுக்கு அப்புறம் கீழ இருந்து ஃபோன் பண்றோம். "டாக்டர், நீங்க எழுதினது…"ன்னு ஆரம்பிச்சாலே அங்க மூஞ்சி மாறுறது ஃபோன்லயே தெரியும். எழுதுறதுக்கு முன்னாடி சொன்னா உதவி, எழுதினதுக்கு அப்புறம் சொன்னா குத்தம் கண்டுபுடிக்கிறது. ஆளு அதே ஆளு, விஷயம் அதே விஷயம், நேரம்தான் வேற.

இன்னொரு விஷயம் மேனேஜ்மென்ட் ஆளுங்களுக்கு. ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்ட் ஆராய்ச்சியாளர், நல்ல டீம் இருக்குற வார்டுல மருந்து தப்பு கம்மியா இருக்கும்னு நெனச்சு கணக்கெடுத்தாங்க, பாத்தா நல்ல டீம்லதான் அதிகமா பதிவாகியிருக்கு. கொழம்பிப் போய் உள்ள பாத்தா, நல்ல டீம்ல தப்ப மறைக்காம சொல்றாங்க, மத்த எடத்துல அமுக்கிடறாங்க. 1996ல வந்துச்சு. இன்னமும் ரிப்போர்ட் ஜாஸ்தியா வர்ற வார்டு இன்சார்ஜ் சிஸ்டர கூப்பிட்டு "உங்க வார்டுல மட்டும் ஏன் இவ்ளோ"ன்னு கேக்குறாங்க. அடுத்த மாசம் ரிப்போர்ட் பூஜ்யம் வரும், எல்லாரும் கை தட்டுவாங்க.

படிக்கிற காலத்துலயே சேந்து படிக்க வைக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2010லயே சொல்லிடுச்சு, ரெண்டு மூணு தொழில்காரங்க ஒருத்தரப் பத்தி ஒருத்தர், ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர், ஒருத்தரோட ஒருத்தர் கத்துக்கணும்னு. நல்ல யோசனைதான். ஆனா நடைமுறைல ஒரே ஹால்ல எல்லாரையும் உக்கார வச்சு ஒருத்தர் லெக்சர் குடுத்துட்டு அதுக்கு இந்தப் பேர வச்சிடறாங்க. நர்சிங் ஸ்டூடண்ட்டும் மெடிக்கல் ஸ்டூடண்ட்டும் ஒரே பேஷண்ட்ட சேந்து பாத்து, ஒரே ப்ளான் எழுதி, ஒரே மார்க் வாங்கினாதான் அது சேந்து படிக்கிறது. இத விட்டுட்டு மொத மொதலா நைட் டியூட்டில, பேஷண்ட் மோசமா இருக்குறப்ப ஒருத்தர ஒருத்தர் சந்திச்சா என்னத்த புரிஞ்சுக்குறது.

சேந்து வேலை செய்யுறதுல இருக்குற தொல்லையையும் சொல்லிடணும், இல்லன்னா நானும் மைக் புடிச்ச ஆளு மாதிரி ஆயிடுவேன். எல்லாரும் பொறுப்புன்னா யாரும் பொறுப்பு இல்லன்னு ஆகுற அபாயம் நெஜமாவே இருக்கு. வாட்சப் குரூப்ல ஒரு ரிப்போர்ட் போடுவாங்க, பதினஞ்சு பேர் பாத்திருப்பாங்க, ரெண்டு பேர் கட்டைவிரல் போட்டிருப்பாங்க, பொட்டாசியம் 6.4ன்னு ஆபத்தான அளவு அப்படியே கெடக்கும். ஆறு பேர் பேசலாம், ஆனா முடிவா யாரு செய்யப் போறா, எத்தன மணிக்குள்ளங்குறத ஒரு பேர் போட்டு எழுதணும், கேட்டவங்க அத திருப்பிச் சொல்லணும். "ஃபீட்ட நிறுத்திட்டு பத்து மணிக்கு மருந்து, பன்னெண்டு மணிக்கு மறுபடி ஃபீட், நான் பாத்துக்குறேன்"னு சிஸ்டர் திருப்பிச் சொன்னா வேலை முடிஞ்சுது. "ஓகே சார்"ங்குறது பதிலே இல்ல. அதே மாதிரி ஃபோன்ல சொல்றப்ப என்ன நடக்குது, பேஷண்ட் பின்னணி என்ன, நான் என்ன நெனைக்கிறேன், எனக்கு என்ன வேணும்னு இந்த வரிசைல சொல்ற எஸ்-பார் முறை இருக்கே, அதுல மொத ரெண்ட எல்லாரும் நல்லா சொல்லுவாங்க, நாலாவதுதான் தொண்டைல நிக்கும். "நீங்க இப்ப வந்து பாக்கணும்"ங்குற அந்த நாலாவது வாக்கியத்துக்காகத்தான் மொத்த முறையும் இருக்கு.

மீட்டிங் மேல மீட்டிங் போடுறதும் தீர்வு இல்ல. டீம் மீட்டிங்னு கூப்பிட்டு ஒரு மணி நேரம் உக்கார வச்சா அந்த ஒரு மணி நேரம் வார்டுல யாரு இருக்குறது? எனக்கு புடிச்சது பெட்கிட்டயே நின்னு பேசுறது, பேஷண்ட்டும் கேக்கட்டும், அவர் வீட்டு ஆளும் கேக்கட்டும். டாக்டர் ஒண்ணு சொல்ல, டயட்டீஷியன் ஒண்ணு சொல்ல, பிசியோ மூணாவதா ஒண்ணு சொல்லி, கடைசில பேஷண்ட் பக்கத்து பெட்காரர கேட்டு முடிவெடுக்குறத எத்தனையோ தடவ பாத்தாச்சு. எல்லாரும் அவர் முன்னாடியே பேசினா எங்க முரண்பாடு இருக்குன்னு அவரே சொல்லிடுவார், "அம்மா, அவரு ஒரு லிட்டர் தண்ணிக்கு மேல கூடாதுன்னாரு, நீங்க நெறைய குடிக்கச் சொல்றீங்க"ன்னு. மருந்த எப்ப நிறுத்தினார், வீட்டுல என்ன நாட்டு மருந்து எடுத்தார்ங்குறது எல்லாம் எங்க யாரு ஃபைல்லயும் இருக்காது, அவர்கிட்டதான் இருக்கும்.

இப்ப எங்க வார்டு நெலமைக்கு வர்றேன். ரவுண்ட்ஸ் ஆரம்பிக்கிற நேரம் எது தெரியுமா? நைட் சிஸ்டர் காலை சிஸ்டருக்கு ஹேண்டோவர் குடுக்குற அதே நேரம். ராத்திரி பூரா பேஷண்ட்ட பாத்தவங்க ஒரு மூலைல பேசிட்டு இருப்பாங்க, டாக்டருங்க வேற பெட்ல நிப்பாங்க, அப்ப வந்த சிஸ்டருக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, ரவுண்ட்ஸ்ல கேக்குற கேள்விக்கு "இப்பதான் டியூட்டிக்கு வந்தேன் சார்"னு பதில் வரும், அதுக்கு திட்டும் விழும். பிசியோ அந்நேரம் வேற ஃப்ளோர்ல. டயட்டீஷியன் வர்றதே அதுக்கு ஒரு மணி நேரம் கழிச்சு. நான் மட்டும் சும்மா இருக்குற ஆளு மாதிரி பின்னாடியே போறேன்.

நானும் இன்சார்ஜ் சிஸ்டரும் பிசியோவும் சேந்து ஒரு லெட்டர் எழுதிக் குடுத்திருக்கோம். ரவுண்ட்ஸ ஒரு முக்கால் மணி நேரம் தள்ளி வைங்க, ஹேண்டோவர் முடியட்டும், ஐசியு பெட்டுங்களுக்கு மட்டுமாவது பிசியோவும் டயட்டீஷியனும் அந்நேரத்துக்கு வந்து நிக்கிற மாதிரி அவங்க டியூட்டிய மாத்துங்க, பிசியோ நோட்ஸ தனி ஃபைல்ல வைக்காம கேஸ் ஷீட்லயே எழுத விடுங்கன்னு மூணே மூணு பாயிண்ட். காசு செலவு கெடையாது. கடைசி பாயிண்ட்டுக்கு உடனே ஓகே சொல்லிட்டாங்க, இப்ப பிசியோ பச்சை இங்க்ல கேஸ் ஷீட்ல எழுதுறாங்க, டாக்டருங்க படிக்கிறாங்களான்னு தெரியல, நான் படிக்கிறேன். மத்த ரெண்டுக்கும் "ஓபி டைம் பாதிக்கும், பரிசீலிக்கிறோம்"னு பதில் வந்திருக்கு. அடுத்த கமிட்டில மறுபடி எடுப்போம், அதுக்குள்ள ஓபி உண்மையிலயே எத்தன மணிக்கு ஆரம்பிக்குதுன்னு இன்சார்ஜ் சிஸ்டர் தினமும் குறிச்சு வச்சிட்டு வர்றாங்க.